கியர் மாற்றினால் இஞ்சின் அணைகிறதா, கியரே விழவில்லையா: ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவில் கோளாறு தேடும் முறை

கரைக்கு வந்து சேரும்போது நியூட்ரலுக்கு வராத படகு ஆபத்தானது. நின்றுவிட்டால் துடுப்புப் போட்டாவது வரலாம். கியர் விடாமல் முன்னோக்கி இழுத்துக்கொண்டே போகும் படகு படகுத்துறையில்தான் போய் மோதும். அதனால் கியர் கொஞ்சம் கனமாகத் தெரிந்த அன்றே தேட ஆரம்பிப்பது நல்லது. ஸ்டெர்ன்டிரைவ் என்றால் இஞ்சின் படகுக்குள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் யூனிட் (டிரைவ்) படகின் பின்புறம் வெளியேயும் இருக்கும் அமைப்பு. இங்கே எழுதியிருப்பது மெர்குரி நிறுவனத்தின் மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவைப் பற்றி, குறிப்பாகக் கார்புரேட்டர் இஞ்சினோடு வருவதைப் பற்றி. பிராவோ, வால்வோ பென்டா டிரைவுகளில் கிளட்ச்சே வேறு வகை. அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வருகிறது.

முதலில் கை அசைவு எந்த வழியாகப் பல் வரைக்கும் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் கைப்பிடியிலிருந்து ஒரு கேபிள் இஞ்சின் மேலிருக்கும் ஷிப்ட் பிராக்கெட்டுக்கு வருகிறது. இதை முன்கேபிள் என்போம். பிராக்கெட்டிலிருந்து இன்னொரு கேபிள் டிரான்சம் (படகின் பின்சுவர்) வழியாக வெளியே போய், டிரைவின் முன்புறமுள்ள பெல் ஹவுசிங்கில் முடிகிறது. இது பின்கேபிள். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் சிறிய கவ்வி, டிரைவின் ஷிப்ட் ஷாப்டைத் திருப்புகிறது. அந்த ஷாப்ட் கீழ்ப்பெட்டிக்கு இறங்கி, ஃபார்வர்டு கியருக்கும் ரிவர்ஸ் கியருக்கும் நடுவில் இருக்கும் டாக் கிளட்ச்சை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. டாக் கிளட்ச் என்பது முகத்தில் தடித்த பற்கள் கொண்ட ஒரு வளையம்தான். வழுக்கி வழுக்கிப் பிடிப்பது அதற்குத் தெரியாது. ஒன்று கவ்வும், அல்லது விடும்.

இந்தத் தன்மையால்தான் பிராக்கெட்டில் ஒரு சிறிய சுவிட்சும் தேவைப்படுகிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டாக் பற்கள் கியர் பற்களை முழுச் சுமையோடு அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில் பல்லை வெளியே இழுக்க முடியாது. நீங்கள் நியூட்ரலுக்கு இழுக்கும்போது கேபிளில் எதிர்ப்பு ஏறுகிறது; பிராக்கெட்டின் ஸ்பிரிங் லீவர் வளைகிறது; சுவிட்சின் உருளை அதன் வி வடிவப் பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிறது. சுவிட்ச் இக்னிஷனை ஒரு கணம் வெட்டுகிறது. இஞ்சின் ஓரிரு தீப்பொறியைத் தவறவிட, சுமை குறைந்து பல் கழன்று வருகிறது. உருளை பள்ளத்துக்குத் திரும்பியதும் இஞ்சின் பழையபடி ஓடுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்னத் தடுமாற்றம் மட்டும் காதில் விழும்.

ஆக, கேபிள் இறுகியிருந்தால் உருளை பள்ளத்துக்குத் திரும்பாது, இஞ்சின் அணையும். இதைச் சுவிட்சின் குற்றம் என்று நினைத்து அதன் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் நிறைய. இஞ்சின் அணைவது நிற்கும், உண்மைதான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு முறை நியூட்ரலுக்கு வரும்போதும் பல்லைச் சுமையோடு பிய்த்து எடுக்கிறீர்கள். பல்லின் ஓரம் மழுங்கும். 1 கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கீழ்ப்பெட்டியைப் பிரிக்கும் வேலையாகும். சோதனைக்காக ஒரு தடவை கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை, அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டிய சோதனைகள் நிறைய இருக்கின்றன. அந்த நேரத்தில் யாரும் இஞ்சினைத் தட்டிவிடக் கூடாது. தரையில் இஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் குளிர்நீர்த் துளைகளுக்கு மஃப் (குழாய்த் தண்ணீர் செலுத்தும் ரப்பர் மூடி) மாட்டித் தண்ணீர் திறந்துவிடுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள், ஐட்லிங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். பெட்ரோல் இஞ்சின் என்றால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், இஞ்சின் அறையிலிருந்து பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயரை 4 நிமிடம் ஓட விட வேண்டும்.

இன்னொன்று: இஞ்சின் ஓடாதபோது கைப்பிடியைப் பலம் போட்டு கியருக்குத் தள்ளாதீர்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும், தள்ளிய பலமெல்லாம் கேபிளைத்தான் வளைக்கும். ஒருவர் பின்னால் நின்று புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்க, மற்றவர் கைப்பிடியை நகர்த்த வேண்டும்.

முதல் சோதனை: நடுவில் பிரித்துப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கேதான் தொடங்க வேண்டும். ஷிப்ட் பிராக்கெட்டில் இரண்டு கேபிளின் முனைகளும் சேர்கின்றன. காட்டர் பின்னையும் நட்டையும் எடுத்து இரண்டையும் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் முனைக்கு அருகில் அதன் மேல் திருகியிருக்கும் பித்தளை உருளைகளை (பேரல்) திருகிவிடாதீர்கள். அவை இருக்கும் இடம்தான் பழைய அளவு.

இப்போது கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முன்கேபிளின் முனை தாராளமாகப் போய் வர வேண்டும். இங்கேயே கனமாக இருந்தால் கோளாறு கைப்பிடிப் பெட்டியில் அல்லது முன்கேபிளில். டிரைவைத் தொடவே வேண்டாம். கேபிள் எங்கேயாவது 20 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைந்திருக்கிறதா, சாமான் பெட்டி எதுவும் அதை நசுக்குகிறதா என்று வழி முழுக்கத் தடவிப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் பின்கேபிளின் முனையை விரல்களால் பிடித்து இழுங்கள், தள்ளுங்கள். பின்னால் ஒருவர் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கட்டும். இரண்டு விரல் பலத்தில் கியர் விழ வேண்டும், அதே பலத்தில் வெளியே வர வேண்டும். முழுக்கையும் போட வேண்டியிருந்தால் தடை பின்கேபிளிலோ டிரைவிலோ இருக்கிறது. இதே சோதனையை ஸ்டியரிங்கை முழு இடதுக்கும் முழு வலதுக்கும் திருப்பி வைத்துச் செய்யுங்கள். ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் இறுகுகிறது என்றால் பின்கேபிள்தான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். டிரைவின் உள்ளே இருப்பவற்றுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதால் வித்தியாசம் வராது.

நியூட்ரலுக்கு இழுத்தால் இஞ்சின் அணைகிறது, அல்லது கியர் விட மறுக்கிறது

ஆல்ஃபா டிரைவில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பின்கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிரைவ் திரும்பும்போதும் மேலே ஏறும்போதும் அது வளைந்து வளைந்து நிமிர்கிறது. வெளி முனை தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறது. வெளியுறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் நடுக்கம்பி துருப்பிடிக்கும். கம்பியின் ஓர் இழை பிரிந்து உறைக்குள் சிக்கிக்கொள்வதும் உண்டு. கனடா ஏரிகளைப் போலப் பனி உறையும் இடங்களில், உள்ளே புகுந்த தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து உறையை வீங்க வைத்துவிடும். வசந்த காலத்தில் முதல் ஓட்டத்திலேயே கியர் இறுகியிருப்பது அதனால்தான்.

எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நான்கு நாள் இலகுவாக இருக்கும், பிறகு நடுத்தண்ணீரில் பழையபடி இறுகும். கேபிளை மாற்றுவதே வழி.

கேபிள் விரலுக்கு இலகுவாக இருந்தும் இஞ்சின் அணைகிறதா? அப்போது சுவிட்சைப் பாருங்கள். எல்லா கேபிளும் மாட்டிய நிலையில், நியூட்ரலில் உருளை வி பள்ளத்தின் சரியான நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கச் சரிவில் ஏறி நின்றால் கேபிள் அளவு தவறியிருக்கிறது. சிறு எதிர்ப்புக்கே சுவிட்ச் வெட்டும். சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். உருளை பள்ளத்தில் இருக்கும்போது இணைப்பு இருக்கக் கூடாது. உருளையை அழுத்தி ஏற்றும்போது இணைப்பு வர வேண்டும். பள்ளத்தில் இருந்தும் இணைப்பு காட்டினால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் இஞ்சின் ஸ்டார்ட்கூட ஆகாமல் போகலாம். எழுத்தில் சொன்ன இந்த நிலைகள் கார்புரேட்டர் இஞ்சின்களுக்கானவை. எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்த இஞ்சின்களில் சுவிட்ச் இந்த வேலையைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து செய்வதால், அவற்றுக்கு அந்தந்த இஞ்சின் கையேட்டைப் பாருங்கள்.

எதிர்மாறான குறையும் உண்டு. இஞ்சின் அணைவதே இல்லை, ஆனால் நியூட்ரலுக்கு வர பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. இங்கே சுவிட்ச் வெட்டவில்லை. ஒயர் கழன்றிருக்கலாம், சுவிட்ச் செத்திருக்கலாம். பழைய படகு வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் ஒயரைப் பிய்த்து டேப் சுற்றி வைத்திருப்பார்.

கியருக்குப் போட்டால் இஞ்சின் அணைகிறது

கேபிளைத் தொடுவதற்கு முன் ஐட்லிங்கைப் பாருங்கள். இந்தக் குடும்ப இஞ்சின்களில் ஃபார்வர்டு கியரில், தண்ணீரில், 650 முதல் 700 ஆர்பிஎம் வரை வர வேண்டும். நியூட்ரலில் 700 வைத்துவிட்டு, கியருக்குப் போனதும் 500-க்கு இறங்கி அணைகிறதே என்று கேட்பதில் பொருளில்லை; சுமையோடுதான் அளக்க வேண்டும். இஞ்சின் சரியாக ஓடுகிறது, ஆனால் கியர் போடும் கணத்தில் டப்பென்று சாவியைத் திருப்பியது போல் நிற்கிறதென்றால் அது சுவிட்சின் வெட்டு. தடுமாறித் திணறி அணைந்தால் அது எரிபொருள் அல்லது ஐட்லிங். காது வைத்தே இவ்விரண்டையும் பிரித்துவிடலாம்.

கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது

ஒரு முறை கடக்கென்று கேட்பது இயல்பு. பற்கள் கவ்வும் சத்தம் அது. தொடர்ந்து அரைக்கும் சத்தம்தான் கெட்டது. மூன்று காரணங்கள், இந்த வரிசையில் பாருங்கள்: ஐட்லிங் அதிகமாக இருப்பது, கேபிள் அளவு குறைந்து பல் பாதி மட்டும் நுழைவது, கைப்பிடியைப் பயந்து பயந்து மெதுவாக நகர்த்துவது. மூன்றாவதைப் பலர் நம்புவதில்லை. மெதுவாகத் தள்ளுவது டிரைவுக்கு மென்மை என்று தோன்றும். உண்மையில் சுழலும் பல்லின் நுனியை நிற்கும் பல்லின் நுனியில் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐட்லிங்கில், தயங்காமல், ஒரே மூச்சில் கியரில் விழவைக்க வேண்டும்.

கியர் விழுந்து, வேகம் கூட்டினால் கழன்றுவிடுகிறது

படகு கிளம்பும்போது டக்கென்று விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பெரிய அடி. உடனே த்ராட்டிலைக் குறைத்துக் கரை சேருங்கள். கேபிள் அளவைச் சரிபார்த்து முழு நகர்வு கிடைத்த பிறகும் தொடர்ந்தால், டாக் பல்லும் கியர் பல்லும் உருண்டுபோயிருக்கின்றன. டாக்கை மட்டும் மாற்றிப் பழைய கியரை விட்டால் புதியதும் சீக்கிரம் மழுங்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் கியர் ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வடிகால் திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது வழக்கம். நகக்கண் அளவு உலோகச் சில்லு இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் மாற்றும் குறை தீர்ந்தாலும் சீலைக் கவனிக்காமல் விட முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது புரொப்பெல்லர் ஹப் (புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் பிடிப்பு) வழுக்குவது. அதில் கடக் சத்தம் வராது. மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கும், த்ராட்டிலைத் திறந்தால் ஆர்பிஎம் ஏறும், படகு ஏறாது. ஹப்பின் மேலும் புரொப்பெல்லரின் உட்குழாயிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் கியர்பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கோடு பிரியாமல், இஞ்சின் பின்புறம் ரப்பர் எரிந்த வாடை வந்தால், ஃப்ளைவீலில் மாட்டியிருக்கும், இஞ்சினை டிரைவோடு இணைக்கும் கப்ளர் வழுக்குகிறது. அதற்கு டிரைவைக் கழற்றி, இஞ்சினையும் வெளியே எடுக்க வேண்டும்.

ஃபார்வர்டு நன்றாக விழுகிறது, ரிவர்ஸ் பிடிக்கவில்லை

பெரும்பாலும் நகர்வு போதவில்லை. முன்கேபிள் மாட்டும் ஸ்டட், பிராக்கெட் லீவரில் ஒரு நீள் துளைக்குள் நகரக்கூடியது. லீவரின் அச்சுக்கு நெருக்கமாக அதை நகர்த்தினால், கேபிள் அதே அளவு நகர்ந்தாலும் லீவர் அதிகம் திரும்பும். கொஞ்சம் நகர்த்தி, நட்டை இறுக்கி, கைப்பிடியை முழு ரிவர்ஸில் வைத்து, புரொப்பெல்லரைப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் கையால் திருப்புங்கள். பூட்டிக்கொள்ள வேண்டும். ஃபார்வர்டில் எதிர்த்திசையில் திருப்பினால் பூட்ட வேண்டும். நியூட்ரலில் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுழல வேண்டும். இது வழக்கமான வலச்சுழல் புரொப்பெல்லருக்கான திசை.

எந்தக் கியரும் விழவில்லை

கைப்பிடியில் நியூட்ரல் த்ராட்டில் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அழுந்தியிருந்தால் கைப்பிடி த்ராட்டிலை மட்டும் தள்ளும், கியரை விட்டுவிடும்.

டிரைவைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் குறை வந்ததென்றால் காரணம் அநேகமாகத் தெரிந்ததே: பெல் ஹவுசிங் கவ்வி, டிரைவின் ஷிப்ட் ஷாப்ட் தலையைப் பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபா டிரைவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கைப்பிடியும் டிரைவும் ஃபார்வர்டில் இருக்க வேண்டும். ஷாப்டின் தலை நேர் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். கவ்வி விலகிவிடாமல் கிரீஸ் வைத்துப் பிடிக்க வைக்க வேண்டும். டிரைவைத் தள்ளும்போது கடைசிக் கொஞ்ச தூரம் போகாமல் நின்றால், நட்டை இறுக்கி இழுத்துக் கொண்டுவர முயலாதீர்கள். கவ்வி வளைந்துவிடும். வெளியே இழுத்துத் திரும்பப் பாருங்கள்.

பின்கேபிளை மாற்றுவது

டிரைவை முழுக்கக் கீழே இறக்கி, ஃபார்வர்டில் வைத்து, டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனையைக் கழற்றுங்கள். டிரைவைத் தாங்க ஸ்டாண்டு அல்லது தூக்குச் சங்கிலி இருக்க வேண்டும். ஒருவர் கையில் தாங்கக்கூடிய கனம் அல்ல. 6 நட்டுகளைக் கழற்றி டிரைவைப் பின்னோக்கி இழுங்கள். இப்போது மீதிச் சந்தேகமும் தீரும்: டிரைவின் ஷிப்ட் ஷாப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது இலகுவாக இருந்து கேபிள் இறுகினால் குற்றம் கேபிளிலேயே முடிகிறது. ஷாப்டே இறுகினால் கீழ்ப்பெட்டிக்குள் போக வேண்டும்.

கேபிளின் வெளியுறை ஒரு திருகுமுனையால் பெல் ஹவுசிங்கில் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றப் பக்கவாட்டில் பிளந்த நீள சாக்கெட் ஒன்று வேண்டும். வேறு கருவியால் முயன்றால் பித்தளை வழுக்கும், பெல் ஹவுசிங்கே கெடும். வெளியே வந்ததும் கேபிளை மூடியிருக்கும் சின்ன ரப்பர் மடிப்புக் குழாயை (பெல்லோஸ்) திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் தண்ணீர் அதன் வழியாகவே படகுக்குள் வரும். கேபிளோடு சேர்த்து அதையும் மாற்றுவதே சரி. இன்னொரு முறை டிரைவை இறக்குகிற உழைப்புக்கு அதன் விலை ஒன்றுமில்லை.

புதிய கேபிளின் திருகில் மெர்குரி சொல்லும் சீலன்ட் பூசி மாட்டுங்கள். படகின் உள்ளே கேபிள் போகும் வழியில் சுழலும் கப்ளரையும் எக்ஸாஸ்ட் குழாயையும் தொடக் கூடாது. பழையது அங்கே உராய்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே ஏன் கெட்டது என்று தெரிந்துவிடும். இஞ்சின் பக்க முனையில், நடுக்கம்பி, அதைப் பிடிக்கும் ஆங்கரின் துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். கம்பி உள்ளேயே இருந்தால் திருகு அதைக் கவ்வாது, கொஞ்ச நாளில் நழுவிவிடும்.

டிரைவைத் திரும்ப மாட்டும்போது யூனிவர்சல் ஜாயின்டின் ஸ்பிளைனுக்கு (ஷாப்டின் நீளப் பற்களுக்கு) கிரீஸ் பூசுங்கள். 6 நட்டுகளையும் 68 நியூட்டன் மீட்டர் வரை, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். கியர் ஆயிலை வடித்திருந்தால், ஆல்ஃபா ஒன் ஜென் 2-க்கு (இரண்டாம் தலைமுறை) ஆயில் மட்டம் காட்டும் மானிட்டர் பாட்டிலையும் சேர்த்துச் சுமார் 1.9 லிட்டர் பிடிக்கும். கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கித்தான் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் காற்று மாட்டிக்கொள்ளும்.

அளவு வைப்பது

பின்கேபிளின் பித்தளை பேரலின் நடுவிலிருந்து முனைத் துளையின் நடுவுக்கு 6 அங்குலம், அதாவது 152 மில்லிமீட்டர். அப்படி வைத்துப் பிராக்கெட்டில் மாட்டுங்கள். கைப்பிடி நியூட்ரலில் இருக்கட்டும். முன்கேபிளின் முனையை உள்ளே தள்ளி, குழாயில் ஒரு கோடு போடுங்கள். வெளியே இழுத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு. கேபிளுக்குள் இருக்கும் ஆட்டத்தின் நடு அதுதான். முனையை அந்த நடுக்கோட்டில் நிறுத்தி, லீவரும் நியூட்ரலில் நிற்க, ஸ்டட்டில் எந்த இழுப்பும் தள்ளலும் இல்லாமல் பேரல் உட்காரும் வரை பேரலைத் திருகுங்கள். உருளை வி பள்ளத்தின் நடுவில் இருக்கிறதா என்று இப்போது பாருங்கள். நட்டை இறுக்கி அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். முனை சுழல இடம் வேண்டும். புதிய காட்டர் பின் போடுங்கள்.

அளவுகள் தொடக்கத்துக்குத்தான். மேலே சொன்ன புரொப்பெல்லர் சோதனை மூன்று நிலையிலும் தேறினால்தான் வேலை முடிந்தது. பிறகு தண்ணீரில் இறக்கி, கயிற்றால் நன்றாகக் கட்டிய நிலையில் 10 முறை கியர் மாற்றிப் பாருங்கள்.

பிராவோ, வால்வோ பென்டா வைத்திருப்பவர்களுக்கு

இவற்றில் டாக் கிடையாது. மேல்பெட்டியில் கூம்பு வடிவக் கிளட்ச் இருக்கிறது. கியர் மாற்றுவது இயல்பிலேயே இலகு. அதனால் குறைகளும் வேறு முகத்தோடு வரும்: கியர் விழும், ஆனால் சுமையில் வழுக்கும், அல்லது நியூட்ரலிலும் புரொப்பெல்லர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். முதலாவதற்குக் கேபிள் கடைசி வரை தள்ளவில்லையா என்று பாருங்கள். கூம்பு பாதி அழுத்தத்தில் ஓடினால் சூடேறிக் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும், பிறகு எந்த அளவு வைத்தும் பிடிக்காது. கேபிளைச் சரிசெய்யாமல் கூம்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழிதான் போகும். இரண்டாவது, குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது மட்டும் நடந்து, சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். சூடான பிறகும் சுழன்றால் கேபிளின் நியூட்ரல் நிலையைத் திருத்துங்கள். பிராவோ டிரைவைக் கழற்றும்போது நியூட்ரலில் வைக்க வேண்டும். ஆல்ஃபா பழக்கத்தில் ஃபார்வர்டில் வைத்து இழுத்துவிடாதீர்கள்.